ரீலிங் பொன்னாத்தா மேல ஒரு பிராது

ஏ பொன்னாத்தா! ரீலிங் பொன்னாத்தா! எறங்கி வாடி கீழ!

உன்னக் கண்டா எனக்கென்ன பயமா? இந்த மூடிக்கெடக்கற மில்லோட பின்கேட்டுப் பக்கம் உச்சி வெயில்ல வர்றதுக்கு ஊரே நடுங்குது. நடுங்கட்டும். நான் துளசிமணி வந்திருக்கறேன். வெள்ளியங்கிரி பொண்டாட்டி துளசிமணி. பேய் புடிக்கும்னு எதெதப் பண்ணப்படாதும்பாங்களோ அதெல்லாம் பண்ணிட்டு வந்திருக்கறேன். ஈரத்தல, தல நெறைய மல்லிப்பூ, தனியாளு. கையில என்ற மகனோட லேத் பட்டறைக் கொறடு வேற. நீ எனக்கு ஒரு நாயம் சொல்லாம இந்தப் புளியமரத்த விட்டு நான் நகர மாட்டேன், ஆமா.

என்ற மருமக எங்கடி? என்ற மகன் எங்கடி?

கேக்கறேன்ல? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற? எங்க ஊட்டுல வந்து உக்காந்துட்டு, கேட்டதெல்லாம் வாங்கித் தின்னுட்டு, போயிடறேன் போயிடறேன்னு பேயோட்டற கோடாங்கி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு, போறப்ப அவிய ரெண்டு பேரையும் சேத்து இழுத்துட்டுப் போயிட்டியே. பேய்னாலும் ஒரு மானம் ரோசம் வேண்டாமா?

அங்க பாரு, வாட்ச்மேன் எட்டிப் பாக்கறான். "ஏனுங்கம்மா, ஆருகூடப் பேசறீங்க?"ங்கறான். நீ போயி படு சாமி, இது பொம்பளைங்க பேச்சு. ம், போயிட்டான்.

இந்தக் கோயமுத்தூர்ல பேய்க்கென்ன பஞ்சமா? ரயில்வே கேட்டுகிட்ட தலையில்லாத மீசைக்காரன் நிக்கறானாமா. தலையே இல்லாதவனுக்கு மீசை எங்கிருந்துடா வந்துச்சுன்னு கேட்டா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்கறான். மேம்பாலத்துல வெள்ளச்சீல கட்டிட்டு வண்டிக்காரங்ககிட்ட லிப்டு கேக்கறவ ஒருத்தி. பழைய பங்களாவுல நாற்காலியில உக்காந்து டீ கேக்கற தொரை ஒருத்தன். அவியெல்லாம் அவியவிய எடத்துல பொட்டாட்ட இருக்கறாங்கல்ல? அந்தத் தொரை என்னைக்காவது ஒரு குடும்பத்துக்குள்ள பூந்து குடித்தனத்தப் பிரிச்சானா? நீதாண்டி பிரிச்சே. நம்ம ஊருக்காரி, நம்ம டிபார்ட்மெண்ட்டுக்காரி, நீதான் பிரிச்சே.

செல்லுல படம் புடிக்கற பசங்க கொஞ்ச நாள் முன்ன வந்தானுங்க. கோயமுத்தூர்ல பேய் நடமாடற எடம்னு வரிசை போடறானுங்களாமா. உன்ன மூணாவதா வெச்சிருக்கானுங்க. மொதல் எடம் அந்த மீசைக்காரனுக்கு. உன்ற கதையக் கேட்டியா நீ? மேஸ்திரி ஒருத்தன் உன்ன ஏமாத்திப்புட்டானாமா. நீ மனசொடஞ்சு ரீலிங்ல இருந்து நூலத் திருடி, முறுக்கிக் கயிறாக்கி, இந்த மரத்துல தொங்கினியாமா. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! ஏண்டா டேய், அவ கூட நின்னு வேல செஞ்சவடா நான், அவ மஞ்சக்காமாலையில போனாடான்னு சொன்னேன். அவனுங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு, "பாட்டி, காமாலைன்னா ஆரும் பாக்க மாட்டாங்க"ன்னுட்டுப் போயிட்டானுங்க. பாட்டியாமா!

உனக்கு ஞாபகம் இருக்குதா இல்லையா? கல்யாணத்துக்கு முன்ன ஒரே ரீலிங் மிசின்ல ஆளுக்கொரு பக்கம் நின்னு நூலச் சுத்திச் சிட்டம் போட்டமே. நீ பழைய சோறும் பச்சமொளகாயும் கொண்டாருவே. நான் களியுருண்ட. பஞ்சு தலையெல்லாம் வெள்ளையா அப்பியிருக்கும், ஒருத்தியப் பாத்து ஒருத்தி கெழவி கெழவின்னு சிரிப்போம். மேஸ்திரி பாவம், நம்மள ஏமாத்தறதுக்கு அவனுக்கு எங்க நேரம்? நம்ம வாய அடக்கறதுக்கே அவனுக்குப் பொழுது பத்தாது.

பொறகு எனக்குக் கல்யாணம். எங்க ஊட்டுக்காரரும் இதே மில்லுதானே, ஸ்பின்னிங்ல. கல்யாணம் முடிஞ்ச மக்யாநாளே சொல்லிட்டாரு. "என்ற பொண்டாட்டி கேட்டுல டோக்கன் குடுத்துட்டு உள்ள போறத நான் நின்னு பாக்கோணுமா?"ன்னு. வேலைய உட்டு நின்னுட்டேன். நீ அந்த வருசமே படுத்தே. கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு, கீழாநெல்லி குடுக்கறாங்கன்னாங்க. பொறகு பெரியாஸ்பத்திரின்னாங்க. பொறகு நீ போயிட்டேன்னாங்க. நான் வரலடி. வரல இல்ல, உடல. புது மருமக எழவு ஊட்டுப் படி ஏறப்படாதுன்னுட்டா என்ற மாமியா. அடுப்படியில நின்னு அழுதேன். அதுக்கும், "கண்ணத் தொடச்சுட்டு வா, சட்டி தீயுது"ன்னா. சரி உடு, அந்தக் கெரகத்த இப்ப எதுக்குப் பேசறது. நான் உன்மேல பிராது குடுக்க வந்திருக்கறேன்.

கோகிலா விசயத்துக்கு வர்றேன். கோகிலவாணி. தாராபுரத்துப் பக்கத்துப் புள்ள, டிகிரி முடிச்சவ. என்ற மகன் யுவராஜுக்கு நாங்களே பாத்துக் கட்டி வெச்சது. பேச்சுன்னா பேச்சே கெடையாது. நிமுந்து மூஞ்சியப் பாக்க மாட்டா. அப்படி ஒரு தங்கமான புள்ள. அவளுக்கு நான் என்னடி கொறை வெச்சேன்?

வெடியால நேரத்துலயே எந்திரின்னேன். ஏன், நான் எந்திரிக்கலையா? மத்தியானம் படுக்காதேன்னேன், பொம்பளப்புள்ள பகல்ல படுத்தா ஊடு வெளங்காது. ஆம்பளைங்க தின்னு முடிச்சப்புறம் தின்னுன்னேன், நானும் அப்பத்தானே திங்கறேன்? செல்போன வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டினேன். அவ அம்மாகூட எந்நேரமும் பேசிட்டு நின்னா கொழம்பு அடிப்புடிக்காதா? அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன் அத்தைன்னா. மாரியாத்தா நோம்பி முடியட்டும்னேன். நோம்பி முடிஞ்சு மறுபடி கேட்டா. தீவாளி வரட்டும்னேன். வேலைக்குப் போறேன்னு ஒருக்கா வந்து நின்னா. அதுக்கு நான் திட்டக்கூட இல்ல, சிரிச்சேன். அவ்வளவுதான். ஒரு நாள் கை நீட்டியிருப்பேனா? அக்கம்பக்கத்துல கேட்டுப் பாரு, என்னையாட்ட மாமியா இந்த வீதியிலயே கெடையாது.

அப்படி இருந்த புள்ளையத்தான் நீ வந்து புடிச்சே.

வெள்ளிக்கெழம அது. தலைக்குத் தண்ணி வாத்துட்டு, மொளகாப்பொடி அரைக்க மாவு மில்லுக்குப் போனவ, சுத்தி வர்றதுக்குச் சோம்பல்பட்டு இந்தக் குறுக்கு வழியில வந்திருக்கறா. உச்சி நேரம். வந்தா பாரு, வாசல்லயே பொடி இருந்த போசிய வீசினா. ஊடெல்லாம் மொளகாப்பொடி. முடிய அவுத்து முன்னால போட்டா. கண்ணு சொழலுது. பல்லக் கடிக்கறா. நான் ஓடிப்போயி, "என்ன சாமி, என்ன கண்ணு?"ன்னு புடிக்கறேன், என்ன உதறிட்டு, "ஏய் கெழவி!"ங்கறா.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இந்தப் புள்ளைக்கு இவ்வளவு சத்தம் வருமான்னே எனக்கு அப்பத்தான் தெரியும். எங்க ஊட்டுக்காரரு பேப்பரப் போட்டுட்டுக் கட்டலுக்கு அக்கட்டப் போயி நின்னுட்டாரு. மில்லுல யூனியனு சண்டையெல்லாம் போட்ட மனுசன்.

ஆத்துக்கு அக்கட்ட இருந்து கோடாங்கியக் கூட்டிட்டு வந்தோம். உடுக்கை அடிச்சான், திருநீறு போட்டான், வேப்பந்தழையில நாலு சாத்து. "நீ ஆரு? சொல்லு, ஆரு?"ன்னான். "நாந்தான் ரீலிங் பொன்னாத்தா"ன்னு இவ வாயில நீ சொன்னே பாரு, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அட, நம்ம பொன்னாத்தா! இத்தன வருசங்கழிச்சு நம்ம ஊடு தேடி வந்திருக்கறா!

"எப்படிச் செத்தே?"ன்னான். "புளியமரத்துல தூக்குப் போட்டுச் செத்தேன்"ங்கறே.

அங்கதான் எனக்குச் சித்தெ இடிச்சுது. நீ எங்கடி தூக்குப் போட்டே? அப்பறம் நானே நெனச்சுக்கிட்டேன், வெயில்லயும் மழையிலயும் இத்தன காலம் மரத்துல கெடக்கறவ, பாவம், ஞாபகம் பெசகியிருக்கும்னு. என்னையவே உனக்கு அடையாளம் தெரியலையே. "துளசு, துளசு"ன்னு என்ற பின்னாலயே வருவே. இப்ப வந்து கெழவிங்கறே. உனக்கும் எனக்கும் ஒரே வயசுடி! போகட்டும், செத்தவகிட்ட என்ன சண்டைன்னு உட்டுட்டேன்.

கோடாங்கி கேட்டான், "தாயே, உனக்கு என்ன வேணும்? கேட்டத வாங்கிட்டு இந்தப் புள்ளைய உட்டுப் போயிரோணும்."

"எனக்கு மத்தியானம் தூங்கோணும்"னே.

கோடாங்கி உடுக்கைய நிறுத்திட்டான். கோழி கேக்கும், சாராயங் கேக்கும், சுருட்டுக் கேக்கும். தூக்கங் கேட்ட பேய அவன் பொறந்ததுல இருந்து பாத்ததில்லையாமா. ஆனா பேய் கேட்டாக் குடுத்துத்தானே ஆகோணும்? பாய விரிச்சேன், தலகாணி போட்டேன், சீலிங் பேனப் பெருசா வெச்சேன். நான் கதவுகிட்டக் காவல் உக்காந்தேன். எங்க ஊட்டுக்காரரு வந்து காப்பிங்கறாரு. "பேய் தூங்குதுங்க, கம்முனு இருங்க"ன்னுட்டேன். தெனமும் மத்தியானம் நீ தூங்கினே, பொன்னாத்தா. நல்லா, வாயத் தொறந்துட்டுத் தூங்கினே.

அடுத்த வெள்ளிக்கெழம மறுபடி ஆடினே. "சூடாச் சோறு வேணும், மொதல்ல எனக்கு வேணும்"னே. கருவாட்டுக் கொழம்பு வெச்சு, எல போட்டு, உன்ன உக்கார வெச்சு நான் நின்னுட்டே போட்டேன். "தாயே, இன்னுஞ் சித்தெ ஊத்தட்டுங்களா?"ன்னு கேட்டுக் கேட்டு ஊத்தினேன். எங்க ஊட்டுக்காரரு அடுத்த பந்தியில உக்காந்தாரு. அந்த மனுசன் ஆறின சோறு தின்னு அன்னைக்குத்தான் நான் பாத்தேன்.

யுவராஜ் மட்டும் பயப்படவே இல்லடி. பேய் புடிச்சவ எலையில அவன் பாட்டுக்குத் தன்ற அப்பளத்த எடுத்து வெக்கறான். நீ ஆடறப்ப ஒரு மூலையில நின்னு தலையக் குனிஞ்சுக்கறான், தோளு குலுங்குது. அழுகறான்னு நெனச்சு நான் தட்டிக் குடுத்தேன். சின்ன வயசுல இருந்தே எளகின மனசு அவனுக்கு.

அப்பறம் என்ன கேட்டே? "என்ற அம்மாவப் பாக்கோணும்"னே. உன்ற அம்மா போயி எந்தக் காலம் ஆச்சு! கோடாங்கிதான் சொன்னான், "பேய்க்கு அம்மான்னா அது ஏறியிருக்கற ஒடம்போட அம்மாதானுங்க அம்மிணி." சரின்னு நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போயி தாராபுரம் பஸ்ஸுல ஏத்தி உட்டேன். ஜன்னலோரமா எடம் புடிச்சுக் குடுத்தேன். பேய் புடிச்ச புள்ளையாச்சே, வழியில ஆருகூடவாவது பேசோணும்னு தோணுமேன்னு செல்போனயும் பீரோவுல இருந்து எடுத்துக் கையில குடுத்தேன்.

இதெல்லாம் நான் உனக்குப் பண்ணினேனா இல்லையா? சொல்லு.

தாராபுரத்துல இருந்து திரும்பி வந்து கடேசியா, "வேலைக்குப் போகோணும், மில்லுச் சங்கு ஊதினா நான் வேலைக்குப் போகோணும்"னு நீ குதிச்ச குதியில ஓடு பேந்துரும் போல இருந்துச்சு. மில்லே இல்ல, வேலைக்கு எங்க போறது? கோடாங்கி ரோசன பண்ணினான். யுவராஜ்தான் மெதுவா வாயத் தொறந்தான். "அம்மா, எனக்குத் தெரிஞ்ச மோட்டார் கம்பெனி ஒண்ணு இருக்குது. பம்புசெட்டு மோட்டாருக்குள்ள செம்புக்கம்பி சுத்தற வேல. வைண்டிங்ல பூராம் பொம்பளைங்கதான்"னான். கோடாங்கி தொடையில தட்டினான். "அப்படிப் போடு! நூல் சுத்தின பேய், கம்பி சுத்தினா ஆச அடங்கீரும். ஒரு மண்டலம் போகட்டும்." எனக்கும் சரின்னு பட்டுச்சு. நாயமான பேச்சுதானே? நீயும் நானும் சுத்தினது நூலுதானே?

பேய்க்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தவ இந்தக் கோயமுத்தூர்லயே நான் ஒருத்திதான்டி. ஒரு நாள் லெமன் சாதம், ஒரு நாள் தக்காளி சாதம், தொட்டுக்க உருளக்கெழங்கு. பொழுதெறங்கி வந்தா, "இன்னைக்கு என்ன தாயே நடந்துச்சு கம்பெனியில?"ன்னு கேப்பேன். நீயும் கால நீட்டி உக்காந்து சொல்லுவே. அங்க சூப்பர்வைசர் பண்ற அலும்பு, ஒருத்தி இன்னொருத்தி ஊறுகாயத் திருடின கதை. சிரிச்சுச் சிரிச்சு வகுறு வலிக்கும். அந்த ஒரு மண்டலமும் நம்ம ரீலிங் மறுபடி தொறந்தாப்புல இருந்துச்சுடி எனக்கு. பொய் சொல்லல.

மண்டலம் முடிஞ்சுது. கோடாங்கி வந்தான். உன்ன இந்த மரத்தடிக்குக் கூட்டிட்டு வந்து, உச்சிமுடியில ஒரு கத்தை கத்தரிச்சு ஆணியில சுத்தி, மரத்துல அறைஞ்சான். நீ எறங்கிட்டேன்னான். கோகிலா கீழ உக்காந்து, எந்திரிச்சு, பைப்புல மொகங் கழுவிட்டு வந்தா. பழைய கோகிலா. "வாங்க அத்தை, ஊட்டுக்குப் போலாம்"னா. நான் மாரியாத்தாளுக்கு மாவெளக்கு வேண்டிக்கிட்டேன்.

மக்யாநாள் காத்தால பையத் தோள்ல மாட்டிட்டு நிக்கறா. "எங்கடி?"ன்னேன். "வேலைக்குங்க அத்தை"ங்கறா. "அதான் பேய் போயிருச்சே?" "பேய் போச்சுங்க அத்தை. வேல இருக்குதுங்களே"ங்கறா. எப்படி இருக்குது பாரு!

எனக்குப் பத்தீட்டு வந்துச்சு. நான் என்ன தப்புப் பண்ணினேன்? எல்லாத்தயும் பழையபடி ஆக்கினேன். அவ்வளவுதான். பேய் இல்லாத ஊட்டுல எதுக்குப் பேய்க்கு உண்டான மரியாதை? பாயச் சுருட்டி மேல வெச்சேன். மத்தியானம் படுக்கறதெல்லாம் வேண்டாம்னேன். செல்போன வாங்கி பீரோவுல வெச்சேன். ஆம்பளைங்களுக்கு மொதல்ல எல போட்டேன். எங்க ஊட்டுக்காரருக்கு அப்பத்தான் மீசை துடிக்க ஆரம்பிச்சுது, "என்ற ஊட்டு மருமக கம்பெனி கேட்டுல நிக்கறத நான் பாக்கோணுமா?"ன்னு. அவ பாட்டுக்குப் பையத் தூக்கிட்டுப் போனா. ஒரு ஞாயித்துக்கெழம சாமான் ஏத்தற குட்டியானை வண்டி ஒண்ணு வாசல்ல வந்து நின்னுச்சு. கட்டலு, பீரோ, அவ கொண்டாந்த மிக்சி. கம்பெனிப் பக்கத்துலயே ஊடு பாத்துட்டாங்களாமா. "வாரா வாரம் வர்றம்மா"ங்கறான் யுவராஜ். என்ற வகுத்துல பொறந்தவன்!

நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன், பொன்னாத்தா. கெஞ்சினேன்னே வெச்சுக்க. "கண்ணு, உன்ன நான் எப்படித் தாங்கினேன்? தூங்க உட்டு, சூடா ஆக்கிப்போட்டு, டிபன் கட்டிக் குடுத்து, எப்படித் தாங்கினேன்?"ன்னு கேட்டேன். அவ என்ற மூஞ்சிய நிமுந்து பாத்தா. பேய் இல்லாம நிமுந்து பாத்தது அன்னைக்குத்தான். "என்னையவாங்க அத்தை தாங்கினீங்க?"ன்னா. சொல்லிட்டு வண்டியில ஏறிட்டா.

என்ன கேள்விடி இது? அவளத் தாங்காம பின்ன ஆரத் தாங்கினேன்? நாலு நாளா இதையே நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கல.

அதுக்குத்தான் வந்திருக்கறேன். இந்தக் கொறடு எதுக்குன்னு நெனச்சே? அந்த ஆணியப் புடுங்கப் போறேன். புடுங்கறேன், நீ எறங்கி நேராப் போயி மறுபடி அவ மேல ஏறு. ஏறி ஊட்டுக்குக் கூட்டிட்டு வா. தூங்கிக்க, தின்னுக்க, வேலைக்கும் போயிட்டு வா, பொழுதெறங்கி வந்து என்கூட உக்காந்து பேசு, நான் ஒண்ணுஞ் சொல்லல. எங்க அந்த ஆணி? இங்கதான் அடிச்சான், என்ற இடுப்பு ஒசரத்துக்கு.

இதா? இது துருப் புடிச்சிருக்குது. இது இல்ல. இதா? இதுல நரச்ச முடி. இது... ஏண்டி, இதென்ன இது, பட்டையே தெரியாத அளவுக்கு ஆணி? அன்னைக்கு நான் கவனிக்கலையே. எல்லாத்துலயும் முடி. கறுப்பு, செம்பட்டை, சுருட்டை முடி ஒண்ணு. சுருட்டைன்னா நம்ம சைக்கிள் கடைக்காரரு பொண்டாட்டியில்ல? அவளையும் நீதான் புடிச்சதுன்னாங்க. ரேசன் கடைச் சந்து மருமகளுக்குப் புடிச்சுது. பால்காரரு ஊட்டுப் புள்ளைக்குப் புடிச்சுது, அது அப்பறம் நர்சு வேலைக்குப் படிக்கப் போயிருச்சு. இத்தன பேரு மேலயும் ஏறினியா நீ? ரெண்டு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குதும்பியே, கம்முனு ஒரு எடத்துல உக்காரத்தானே உனக்குப் புடிக்கும், உனக்கு ஏண்டி இந்த அலைச்சல்?

ஒரு ஆம்பளை முடிகூட இல்லையே இதுல.

ச்சே, இரு. ஒண்ணப் புடுங்கிட்டேன். கோகிலாளோடதா வேற ஆரோடதான்னு தெரியல. எங்க, வந்தியா? வா. அவ மேல ஏற வேண்டாம், அவ எங்கயோ தூரத்துல கம்பி சுத்திட்டு இருப்பா. என்ற மேல ஏறு. ஆமா, என்ற மேலதான். ஊட்டுல இப்ப நானும் அந்த மனுசனும் மட்டும். "ஒரு மருமகள வெச்சு ஆளத் துப்பில்ல உனக்கு"ங்கறாரு. அவருக்குத் துப்பிருந்துச்சா? பேயக் கண்டு கட்டலுக்கு அக்கட்ட ஒளிஞ்சவருக்கு? காப்பி வேணும்னா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, டம்ளரால டீப்பாயில தட்டுவாரு. இந்த ஊட்டுக்கு நான் வந்ததுல இருந்து தட்டறாரு. நானும் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடறேன். இன்னைக்கு அந்தச் சத்தங் கேட்டதும் எந்திரிக்கல. கொறட எடுத்துட்டு இங்க வந்துட்டேன்.

முடிய அவுத்துட்டேன் பாரு. வா. ஏறு.

ஒண்ணும் ஆகல. வெயில் சுடுது, மொழங்கால் வலிக்குது, அவ்வளவுதான். நீ வர மாட்டே. நீ எங்கயும் வந்தவ இல்ல, இல்லடி? நீ மஞ்சக்காமாலையில செத்தே, செத்ததோட போயிட்டே. என்ற ஊட்டுல நடந்தது என்னன்னு எனக்குச் சொல்லாத. சொல்லாத, எனக்குத் தெரியும்.

வராட்டிப் போ! நானே ஆடிக்கறேன். எனக்குத் தெரியாதா? பக்கத்துல இருந்து பாத்தவதானே. முடிய இப்படி முன்னால போட்டு, பல்லக் கடிச்சு, "டேய் வெள்ளியங்கிரி!"

அட, வாட்ச்மேன் ஓடறான்டி! செருப்பக்கூட உட்டுட்டு ஓடறான்! "டேய் வெள்ளியங்கிரி! எந்திரிச்சுப் போயி நீயே காப்பி வெச்சுக் குடிடா!" என் சாமி, நெஞ்செல்லாம் லேசாப் போச்சு. இவ்வளவு சத்தம் எனக்குள்ள இருந்துச்சா?

ஊட்டுக்குப் போறேன். வாசல்லயே போசிய வீசறேன். அவரு கோடாங்கியக் கூட்டிட்டு வரட்டும். கோடாங்கி உடுக்கை அடிச்சு, "தாயே, உனக்கு என்ன வேணும்?"னு என்னையும் கேக்கட்டும். ஒருத்தரு என்னக் கேக்கட்டும். கேட்டா நான்...

நான் என்ன சொல்றது?

மத்தியானத் தூக்கம் வேணும்னா, படுத்தா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. சூடாச் சோறுன்னா, எதத் தின்னாலும் ஒண்ணாத்தான் இருக்குது. அம்மா போயிட்டா. வேலைன்னா, நூலு கண்ணுக்குத் தெரியுமா இனி? கோகிலாவத் திருப்பிக் கூட்டிட்டு வான்னா, கூட்டிட்டு வந்து? அந்த அடுப்படியிலயா நிறுத்தறது? வேண்டாம், அந்தப் புள்ள இருக்கற எடத்துல இருக்கட்டும். அது அவளுக்கு வேணுங்கறது. எனக்கு வேணுங்கறது என்னடி?

கோடாங்கி கேட்டா நான் முழிச்சுட்டு நிப்பேன் பொன்னாத்தா. என்னக் கேக்க ஆளு வந்தும் நான் முழிச்சுட்டு நிப்பேன். நீதான் சொல்லோணும், வேற ஆருக்குந் தெரியாது. ரீலிங்ல நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் நின்னு சிட்டம் போட்டப்ப, நான் எந்நேரமும் ஒண்ணச் சொல்லிட்டே இருப்பேன், எனக்கு அது வேணும்டி, எனக்கு அது மட்டும் போதும்டின்னு. நீகூட, "ஆசையப் பாரு இவளுக்கு"ன்னு பஞ்ச எடுத்து என்ற மேல வீசுவே.

அது என்னதுடி? எனக்கு மறந்து போச்சு. சொல்லு.